டெல்டாவில் இருந்துகொண்டே உயிரியலில் ஆராய்ச்சி சார்ந்த முதுகலை படிக்க முடியுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்தை ஒப்பித்து எழுதுகிற முதுகலை வேண்டாம், ஆராய்ச்சியோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். டெல்டாவிலேயே அது முடியுமா, வெளியே போயே ஆக வேண்டுமா? வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள்.

பதில்:

முடியும். நான் டெல்டாவில் ஒரு கல்லூரியில்தான் 2017 முதல் 2019 வரை எம்.எஸ்சி. விலங்கியல் படித்தேன். இப்போது பிஎச்.டி. ஐந்தாம் ஆண்டு, வேலை செய்வதும் இங்கே உள்ள வயல்களில்தான். நீங்கள் "எங்கே படிப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உங்களிடம் "எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்" என்று முதலில் கேட்பேன். எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்.எஸ்சி. முதலாண்டு முடியும்போது எங்கள் துறையில் டிசர்டேஷன் (முதுகலை ஆய்வேடு) தலைப்புகளை ஒரு தாளில் எழுதி ஒட்டினார்கள். பாதிக்கு மேல் ஒரே மாதிரி: ஏதாவது ஒரு இலையின் சாறு எந்தெந்த பாக்டீரியாவைத் தடுக்கிறது என்று பார்ப்பது. பாக்டீரியா வளர்க்கிற அகார் தட்டில் குழி போட்டு, சாற்றை விட்டு, மறுநாள் குழியைச் சுற்றித் தெளிந்திருக்கும் வட்டம் எத்தனை மி.மீ. என்று ஸ்கேல் வைத்து அளப்பது. இலை மாறும், மற்றதெல்லாம் போன வருடம் சீனியர் செய்ததுதான். கை பழகுவதற்கு நல்ல வேலை, அதை மறுக்கவில்லை. ஆனால் நான் தெரிந்துகொள்ள விரும்பிய எதுவும் அந்தத் தாளில் இல்லை.

எனக்கென்று ஒரு கேள்வி வீட்டில் இருந்தது. அதற்கு முந்தைய சம்பாவில் எங்கள் ஊரில் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி விழுந்திருந்தது. அப்பா இரண்டு முறை மருந்து அடித்தார். பக்கத்து வயல்காரப் பெரியப்பா கையில் காசில்லாமல் அடிக்காமலே விட்டுவிட்டார். கடைசியில் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோனது எங்கள் வயல். அவருடையது ஓரளவு தப்பியது. ஏன்?

ஆய்வுக்கு வழிகாட்டும் கைடிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "ஒரு மாதம் படித்துவிட்டு வா" என்றார். படித்தபோதுதான் உலகம் முழுக்க இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. புகையான் முட்டையை இலையுறைக்குள் வைக்கிறது, மருந்து அங்கே போய்ச் சேராது. ஆனால் புகையானைத் தின்கிற சிலந்தியும் மற்ற பூச்சிகளும் வெளியில் இருக்கின்றன, அவை செத்துவிடும். பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றைப் பிடித்துத் தின்ன யாருமில்லை. 1986-ல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ததற்கு இதுதான் பின்னணி. நம் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையே சிலந்தியைக் கணக்கில் எடுக்கிறது: தூருக்கு (ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் இருந்தால் மருந்து அடிக்கலாம், குத்துக்கு (பல தூர்கள் சேர்ந்த ஒரு கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் ஊரில் யாரும் மருந்தடிக்கும் முன் சிலந்தியைப் பார்த்து நான் கண்டதில்லை.

ஆறு வயல்கள் எடுத்தேன். மூன்றில் மருந்து அடிப்பார்கள், மூன்றில் அடிக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள், வயலுக்கு இருபது குத்து. காலை ஆறு மணிக்கு, பனி காய்வதற்குள் இறங்கிவிடுவேன். குத்தின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலேதான் புகையான் ஒட்டியிருக்கும். ஒரு கையால் தூரை விரித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையில் லென்ஸை வைத்துக் குனிந்து எண்ண வேண்டும். தட்டினால் தண்ணீரில் விழுந்து தத்தும். ஒரு நாள் அப்படிக் குனிந்திருந்தபோது ஓநாய்ச் சிலந்தி ஒன்று தண்ணீர் மேலேயே ஓடி வந்தது. வயிற்று நுனியில் முட்டைப் பையைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, விரலுக்குப் பக்கத்துத் தூரில் ஏறி, ஒரு புகையான் குஞ்சைப் பிடித்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான். வரப்பில் நின்ற பெரியப்பா, "ஏம் பாப்பா, நெல்லை எண்ணுவாங்க, மூட்டையை எண்ணுவாங்க, நீ என்ன சிலந்தியை எண்ணிக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டார். அவரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

லேப் வேலை வேறு விதமான கஷ்டம். பிடித்த சிலந்திகளை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழே பெயர் கண்டுபிடிக்க வேண்டும். ஆண் என்றால் வாயருகே உள்ள பால்ப், பெண் என்றால் வயிற்றின் அடியில் உள்ள இனப்பெருக்கத் தகடு, இவற்றின் அமைப்பை வைத்துத்தான் இனம் சொல்ல முடியும். குஞ்சுகளுக்கு இரண்டும் வளர்ந்திருக்காது. நான் பிடித்ததில் பாதி குஞ்சுகள்! அவற்றைக் குடும்பம் வரைதான் சொல்ல முடிந்தது. வளர்ந்தவற்றில் அதிகம் கிடைத்தது பார்டோசா சூடோஅனுலாட்டா, ஆசிய நெல் வயல்களில் பரவலாக இருக்கும் ஓநாய்ச் சிலந்தி.

ஏழு வாரம் எண்ணி முடித்திருந்தபோது 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தது. மூன்று வாரம் வயலுக்கே போக முடியவில்லை. இரண்டு வயல்களில் தென்னை சாய்ந்து கிடந்தது, அவற்றை விட வேண்டியதாயிற்று. மிஞ்சியது நான்கு: அடித்தது இரண்டு, அடிக்காதது இரண்டு. எண்ணிக்கை நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. அடித்த வயலில் சிலந்தி குறைவு, கடைசி வாரங்களில் புகையான் அதிகம். வாரம் 80 குத்து என்று கணக்குப் போட்டு, வித்தியாசம் உறுதி என்று எழுதி, வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குப் போனேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மருந்து அடிக்காத வயல் எத்தனைம்மா?" "ரெண்டு சார்." "அப்ப உங்ககிட்ட இருக்கிறது ரெண்டும் ரெண்டும். நாற்பதும் நாற்பதும் கிடையாது."

ஒரே வயலில் உள்ள இருபது குத்துக்கும் தண்ணீர் ஒன்று, மண் ஒன்று, விதை ஒன்று, அந்த விவசாயியின் கை ஒன்று. அவற்றைத் தனித்தனி சாட்சிகளாக எண்ணக் கூடாது. இரண்டு வயலுக்கு இடையிலான வித்தியாசம் மருந்தால் வந்ததா, வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருந்ததால் வந்ததா என்று என்னால் சொல்லவே முடியாது. இந்தத் தவற்றைப் பற்றி 1984-ல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் எழுதிய கட்டுரை மிகப் பிரபலம். அதை நான் வைவா முடிந்த பிறகுதான் படித்தேன். முடிவுரையைத் திருத்தி, "கேள்வி நிற்கிறது, இந்தத் தரவு அதற்குப் பதில் சொல்லப் போதாது" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வாக்கியத்தை எழுதக் கற்றுக்கொண்டதைத்தான் நான் ஆராய்ச்சிப் படிப்பு என்று நினைக்கிறேன். நீங்கள் தேடுவதும் இதுதான் என்றால், கல்லூரியின் பெயர் அதைத் தராது. கேள்வி கேட்க விடுகிற கைடும், நீங்கள் தவறும்போது அதை எடுத்துச் சொல்கிற ஆட்களும்தான் தருவார்கள்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது? சேருவதற்கு முன் அவருடைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள். எந்தத் தலைப்பில் செய்தார்கள், யார் தேர்ந்தெடுத்தது, வாரத்துக்கு எத்தனை முறை பார்ப்பார் என்று கேளுங்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பணம் கட்டினால் புராஜெக்ட் செய்து, பைண்டிங் வரை போட்டுக் கொடுக்கிற சென்டர்கள் இருக்கின்றன. என் வகுப்பிலேயே சிலர் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மனமில்லை, துறையில் கருவி இல்லை, வேறு வழி தெரியவில்லை. ஆனால் நீங்கள் போகாதீர்கள். லென்ஸும் நோட்டும் வைத்துச் செய்கிற நேர்மையான சின்ன வேலை அதைவிட எவ்வளவோ மேல்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. டிசர்டேஷன் பெரும்பாலும் நான்காம் செமஸ்டரில் வரும், அதாவது டிசம்பர், ஜனவரியில் ஆரம்பம். அப்போது சம்பா அறுவடைக்கு வந்துவிடும், பிறகு வயலில் உளுந்துதான் இருக்கும். நெல் வயலில் வேலை செய்ய நினைத்தால் மூன்றாம் செமஸ்டரிலேயே, புரட்டாசியில் நடவு முடிந்த கையோடு தொடங்க வேண்டும். முன்கூட்டியே துறையில் அனுமதி கேட்டு வையுங்கள்.

இடங்கள் என்று பார்த்தால், டெல்டா ஏழை இல்லை. திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, முதுகலைக்கு சியுஇடி தேர்வு வழியாகச் சேர்க்கை. மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை உண்டு. கடல் பிடிக்கும் என்றால் கொள்ளிடம் தாண்டிப் பரங்கிப்பேட்டை, வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம். கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக நடத்துகிறது. உங்களுக்கு முத்துப்பேட்டை அலையாத்தி ஒரு பஸ் தூரம்.

ஆனால் மூலக்கூறு உயிரியல், நரம்பியல், புரத அமைப்பு என்று உங்கள் மனம் போனால் வெளியே போங்கள், தயங்காதீர்கள். பெங்களூரு ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ் போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த இன்டக்ரேட்டட் படிப்பு இருக்கிறது. ஜாம் போன்ற நுழைவுத் தேர்வுகள் வழியாகப் போகலாம். முடிவு செய்யும் முன் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் இருந்தாலே இது உங்களுக்கு ஒத்து வருமா என்று தெரிந்துவிடும்.

"எம்.ஃபில். முடிச்சிடு" என்று யாராவது பெரியவர்கள் சொன்னால், அது இப்போது இல்லை என்று சொல்லிவிடுங்கள். 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறைகளோடு அது நின்றுவிட்டது. எம்.எஸ்சி. முடித்ததும் நேராக பிஎச்.டி.தான். அதற்கு நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டில் பேசும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று நான் எத்தனை முறை விளக்கியும் வராத நிம்மதி, அந்த எண்ணைக் கேட்டதும் வந்தது. பி.எட். கெட்ட படிப்பு இல்லை. இரண்டு வருடம் கழித்தும் அதில் சேரலாம், ஆராய்ச்சி ஆசையை அவ்வளவு நாள் ஆறப் போட்டால் திரும்பப் பற்றவைப்பது சிரமம். அப்பாவிடம் இப்படித்தான் பேசினேன்.

நெட் எனக்கு மூன்றாவது முறைதான் கிடைத்தது. லைஃப் சயின்ஸ் தாளில் மூன்றாம் பகுதியில் 75 கேள்வி இருக்கும், 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றும் 4 மதிப்பெண். முதல் இரண்டு முறை 75-ஐயும் தொட்டுப் பார்த்து நேரத்தை விட்டேன். மூன்றாம் முறை சூழலியல், பரிணாமம், விலங்கு நடத்தை, கொஞ்சம் செல் உயிரியல் என்று எனக்கு வருகிற பகுதிகளை மட்டும் ஆழமாகப் படித்துப் போனேன்.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு இது உண்மையான சுமை, நானும் அப்படி வந்தவள்தான். வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை எடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி எழுதுவேன். தமிழில் எழுத வரவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படிப்பேன். இன்றும் அதை விடவில்லை.

அப்படி எழுதிய நோட்டை வைத்துத்தான், டிசர்டேஷன் முடிந்ததும் பெரியப்பாவிடம் போய் நான் பார்த்ததைச் சொன்னேன். இது நிரூபணம் ஆகவில்லை, இன்னும் நிறைய வயல் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப மருந்தடிச்சா புகையானுக்குத்தான் லாபமா இருக்கும்போல" என்றார். பிறகு, "எத்தனை வயல் வேணும்?" என்று கேட்டார். பிஎச்.டி.க்கு இப்போது 24 வயல்களில் எண்ணுகிறேன். பதிவேட்டில் முதல் எண் அவருடையது.