கல்லூரி கூடைப்பந்தில் 'இடைக்காலப் பயிற்சியாளர்' என்றால் யார்?

தலைமைப் பயிற்சியாளர் திடீரென விலகினால், நிரந்தரமாக ஒருவர் கிடைக்கும்வரை அணியை நடத்துபவர்தான் இவர். பெரும்பாலும் அதே அணியின் உதவிப் பயிற்சியாளர்.

ஏன் உடனே புதியவரை எடுப்பதில்லை? அமெரிக்காவில் சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் ஆரம்பம்வரை ஓடும். நடுவில் நல்ல பயிற்சியாளர்கள் எல்லோரும் வேறு கல்லூரியில் ஒப்பந்தத்தில் இருப்பார்கள். அப்புறம், தெரிந்த முகம் இருந்தால்தான் வீரர்களும் வேறு கல்லூரிக்குத் தாவாமல் இருப்பார்கள். தேர்வு நெருங்கும்போது வகுப்பாசிரியர் போய்விட்டால், பிள்ளைகளை அறிந்த பக்கத்து வகுப்பு ஆசிரியர் பார்த்துக்கொள்வதில்லையா, அதுபோலத்தான்.

2024 அக்டோபரில், சீசன் தொடங்க மூன்று வாரம்கூட இல்லாதபோது வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் டோனி பென்னெட் ஓய்வு பெற்றார். அவருடைய உதவிப் பயிற்சியாளர் ரான் சான்செஸ் இடைக்காலப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார்.

இடைக்காலப் பதவி கிடைத்தால் நிரந்தரப் பதவியும் கிடைத்த மாதிரிதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சீசன் முடிந்ததும் 2025 மார்ச்சில் வர்ஜீனியா நிரந்தரப் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது சான்செஸை அல்ல, ரயன் ஓடமை.