இடுப்பு மூட்டு மாற்றிய பின் கிருமித்தொற்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி மூன்று வாரம் ஆகிறது. தையல் போட்ட இடம் கசிகிறது, காய்ச்சல் இல்லை. வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கலாமா? (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

ப: கொடுக்காதீர்கள். மஞ்சளோ பவுடரோகூடப் பூச வேண்டாம். இன்றைக்கே அறுவை சிகிச்சை செய்த மருத்துவக் குழுவை அழையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் தெரியாமலே போகலாம். மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்பே மாத்திரை உள்ளே போனால் பரிசோதனையில் ஒன்றும் வளராமல் போகலாம். பிறகு மருந்தைக் குத்துமதிப்பாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் உடம்பு தூக்கிப்போடும் குளிரோ குழப்பமான பேச்சோ இருந்தால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995.

நாள்கடத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. செயற்கை மூட்டில் ரத்த ஓட்டம் கிடையாது. குளத்துப் படியில் பாசி படிவதுபோல் கிருமி அதன்மேல் படலம் கட்டிவிட்டால் மருந்து எளிதில் ஊடுருவாது. முதல் சில வாரங்களில் பிடித்துவிட்டால், திறந்து கழுவி, செயற்கை மூட்டின் பந்தையும் அது பொருந்தும் கிண்ணத்தின் உள்பகுதியையும் மட்டும் மாற்றி, மற்றதைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

கே: அப்பாவுக்கு மூட்டை எடுத்துவிட்டுப் பிறகு வேறு வைக்கப் போகிறார்களாம். ஏன் இரண்டு அறுவை?

ப: படலம் முற்றிவிட்டால் மூட்டை எடுத்தால்தான் கிருமி போகும். இடைக்காலத்துக்கு மருந்து கலந்த சிமெண்டில் தற்காலிக மூட்டு வைத்து, பெரும்பாலும் 6 வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை ஃபிசியோ சொல்வார். கிருமி எதுவென்று தெரிந்து, எலும்பும் சதையும் நன்றாக இருந்தால் ஒரே அறுவையில் முடிப்பதும் உண்டு. நரம்புவழி மருந்துக்காக வார்டிலேயே கிடக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடி ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு இங்குள்ள பெரிய பொது மருத்துவமனைகளில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

கே: பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாட்டிக் வேண்டுமா?

ப: பெரும்பாலோருக்கு வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், முன்பே மூட்டில் தொற்று வந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். சொத்தைப் பல்லோடு காலம் தள்ளுவதுதான் ஆபத்து.

கே: நீரிழிவு உண்டு. போன வருடம் மூட்டு மாற்றினேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா?

ப: அவ்வளவு தூரம் நடக்கலாமா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். என் கவலை பாதம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலில் போனால், மரத்துப்போன பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அந்தப் புண்வழியே ரத்தத்தில் ஏறும் கிருமி, அறுவை முடிந்து பல வருடமான மூட்டிலும் குடியேறும். காலுறை போட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். அலகு மட்டும் வேண்டாம். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். புண் இருந்தால் மறுநாளே பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). அப்புறம் இடுப்பில் புதிதாக வலி தொடங்கினால், மூட்டு மாற்றியதை மருத்துவரிடம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.