பூச்சிமருந்து அடிப்பவர்கள் கேட்டவை

கேள்வி: ஐயா, முகக்கவசம் போட்டுத்தான் மருந்து அடிக்கிறேன். அப்படியும் சாயங்காலம் தலைவலி, குமட்டல். ஏன்?

பதில்: வயலில் மருந்து உடம்புக்குள் போவது பெரும்பாலும் தோல் வழியாக. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்காது. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்துச் சோதித்ததில் முன்கையைவிட நெற்றி சுமார் 4 மடங்கும், விரைப்பை சுமார் 12 மடங்கும் உறிஞ்சின. டேங்க் மூடி கசிந்து முதுகு வழியே இடுப்புத் துணி நனைகிறதா என்று முதலில் பாருங்கள். நனைந்தால் வேலை முடியட்டும் என்று இருக்காமல் உடனே சோப்புப் போட்டுக் குளித்து மாற்றுங்கள்.

அடிக்கும்போது இருப்பதைவிடக் கலக்கும்போது ஆபத்து அதிகம், பாட்டிலில் இருப்பது தண்ணீர் சேராத மருந்து. நைட்ரைல் கையுறை போடுங்கள். துணிக் கையுறை மருந்தைக் குடித்துக் கையோடு ஒட்டி வைத்திருக்கும். குட்டைப் பயிருக்கு அடித்தால் சட்டைக் கை கையுறைக்கு வெளியே வரட்டும். தலைக்கு மேல் அடித்தால் கையுறை வெளியே, விளிம்பை மடித்து. நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள்.

கேள்வி: தவறிக் குடித்துவிட்டால் பால் கொடுத்தால் முறியுமா?

பதில்: முறியாது. வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். லேபிளோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி எச்சில் ஒழுகினால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்று டாக்டர் சந்தேகிப்பார், அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் போடுவார். பாராகுவாட் என்ற களைக்கொல்லி என்றால் மாற்று மருந்தே இல்லை. தேவையில்லாமல் ஆக்சிஜன் வைத்தால் நுரையீரல் கூடுதலாகக் கெடும். எந்த மருந்து என்பது லேபிளில்தான் இருக்கிறது. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

கேள்வி: 16 லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி?

பதில்: லேபிளில் லிட்டருக்கு 2 மில்லி என்றிருந்தால் 32. மூடியால் அளக்க வேண்டாம், அளவுக் குவளை வாங்குங்கள்.

கேள்வி: நெல்லில் சைபர்மெத்ரின் அடித்தும் புகையான் அடங்கவில்லை. அளவை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: புகையானைப் பெருக்கியதே அதுதான். சைபர்மெத்ரின் சேர்ந்த பைரித்ராய்டு வகை மருந்து, புகையானைத் தின்னும் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடும். புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வரும்போது தின்ன ஆளில்லை. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்குக் காரணமே இந்தப் புகையான் பெருக்கம். பைரித்ராய்டை நிறுத்துங்கள், தண்ணீரை வடியுங்கள், யூரியாவைக் குறையுங்கள். தூரடியில் பூச்சியை எண்ணிய பிறகே அடுத்த மருந்தைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: எதற்கு இந்த வம்பு? புகையிலைக் கஷாயம் அடியுங்கள், இயற்கையானது, பக்கவிளைவு இல்லை.

பதில்: நிகோடினை உலக சுகாதார நிறுவனம் வைத்திருப்பது 1பி வகுப்பில், அதாவது மிகக் கொடிய விஷங்களோடு. கடையில் விற்கும் மாலத்தியான் பூச்சிமருந்து இருப்பது அதைவிட நஞ்சு குறைந்த 3ஆம் வகுப்பில். நிகோடினும் தோல் வழியாக ஏறும். வெறுங்கையால் கஷாயம் பிழிகிறவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது அதனால்தான்.

கேள்வி: அப்படியானால் மாலத்தியான் நல்லதா? புற்றுநோய் வரும் என்கிறார்களே! கம்பெனிக்காரர் மாதிரிப் பேசுகிறீர்கள்.

பதில்: நியாயமான கேள்வி, கடைசி வரியைத் தவிர. அந்த வகுப்பு உடனடி நச்சுத்தன்மையை மட்டும் அளப்பது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2015இல் மாலத்தியானை 2ஏவில், 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கலாம்' என்ற பட்டியலில், சேர்த்தது. இரண்டும் உண்மை. நான் மறுப்பது 'இயற்கை என்றால் கையுறை வேண்டாம்' என்பதைத்தான். டெர்ரிஸ் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோனும் இயற்கைதான், குளத்து மீனைக் கொல்லும்.

கேள்வி: பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை இயற்கை விவசாயத்திலேயே அனுமதிக்கப்பட்டதுதானே?

பதில்: ஆமாம், ஆனால் அதிலுள்ள தாமிரம் மண்ணில் மக்காது. ஆண்டுக்காண்டு சேர்ந்து மண்புழுவைக் குறைக்கும். அடிப்பதாக இருந்தால் 1 சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றுங்கள், மாற்றி ஊற்றினால் திரியும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தியை முக்கி எடுங்கள். செம்பழுப்பாகப் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும்.

கேள்வி: காற்றே இல்லாத அதிகாலையில் அடிப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: அடியோடு அசையாத காற்றில் தரையோரக் குளிர்காற்று மேலெழாது. நுண்துளிகள் அப்படியே மிதந்து பக்கத்து வயலுக்குப் போகும். இலை லேசாக அசையும் காற்று வேண்டும், அது வீடு, கிணறு பக்கமாக வீசக் கூடாது.

கேள்வி: தேனீக்களுக்கு?

பதில்: பூத்திருக்கும்போது அடிக்காதீர்கள். இமிடாகுளோபிரிட் போன்ற, செடிக்குள் ஊடுருவும் மருந்துகள் விதை நேர்த்தியிலிருந்தே பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் வந்துவிடும், சாயங்காலம் அடிப்பதால் மட்டும் அதைத் தவிர்க்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோபிரிட்டின் திறந்தவெளிப் பயன்பாட்டை நிறுத்தியது.

கேள்வி: காய்கறியை சோடா நீரில் கழுவினால் போய்விடுமா?

பதில்: லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா, 15 நிமிடம்: தோல்மேல் இருப்பது பெருமளவு போகும். உள்ளே ஊடுருவியது போகாது. அதற்கு மருந்து அடித்தவர் லேபிளில் உள்ள அறுவடை இடைவெளி நாட்களை மதித்திருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, 10 லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி?

பதில்: லேபிள். மேலே 16க்குப் போட்ட கணக்கையே போடுங்கள்.

கேள்வி: காலி டப்பாவில் தண்ணீர் பிடித்து வைக்கலாமா? நன்றாகக் கழுவிவிடுகிறேன்.

பதில்: கூடாது. கால்பங்கு தண்ணீர் ஊற்றி 30 விநாடி குலுக்கி, அதை டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். எரிக்கவும் வேண்டாம். குளிர்பானப் பாட்டில் விஷயம் இதற்கும் சேர்த்துத்தான்.