பழைய டோப்போ ஷீட்டில் (நில அமைப்பு வரைபடத்தில்) இருந்து ஏரியின் பரப்பைக் கணக்கிடுவது எப்படி?

மதுராந்தகம் பக்கத்து ஏரிகளின் அந்தக்காலப் பரப்பு வேண்டுமென்றால், இந்திய நில அளவைத் துறையின் ஓர் அங்குல ஷீட்டே போதும். ஊருக்கு வடக்கே உள்ள பகுதி 57பி/14 (57P/14) என்ற எண்ணுள்ள ஷீட்டில் வரும். முதலில் ஓரக்குறிப்பைப் படியுங்கள். அச்சான ஆண்டு வேறு, அளவெடுத்த ஆண்டு வேறு. நமக்குத் தேவை இரண்டாவது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஓர் அங்குலம் ஒரு மைல், ஆகவே ஒரு சதுர அங்குலம் 640 ஏக்கர். பத்தில் ஓர் அங்குலக் கட்டம் போட்ட டிரேசிங் தாளை ஏரியின் மேல் வைத்து எண்ணுங்கள். கட்டத்துக்கு 6.4 ஏக்கர். பாதிக்கு மேல் உள்ளே விழும் கட்டத்தை முழுசாக எடுங்கள், மற்றதை விடுங்கள்.

காகிதம் சுருங்கியிருக்கும், அதையும் பாருங்கள். இந்த அட்சரேகையில் ஷீட்டின் தெற்கு வடக்கு நீளம், அதாவது அட்சரேகையில் 15 கலை (கால் பாகை), சுமார் 43.6 செ.மீ. இருக்க வேண்டும். 43.2 தான் வருகிறது, அகலமும் அதே விகிதத்தில் குறைந்திருக்கிறது என்றால், பரப்பில் ஏறக்குறைய 2 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோடையில் அளவெடுத்த ஷீட்டில், தண்ணீரைக் காட்டும் நீலம் சிறுத்துத் தெரியும். அதனால் நீலத்தை மட்டும் நம்பாமல், கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கூடவே பாருங்கள்.

செயற்கைக்கோள் படத்தின் மேல் ஷீட்டைப் பொருத்தினால் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். பழைய ஷீட் எவரெஸ்ட் நீள்கோளத்தில், அதாவது பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கில், வரைந்தது. கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் நான்கு மூலைகளுக்கும், அந்த நீள்கோளத்தை ஒட்டிய கல்யாண்பூர் முறையில் ஆயத்தொலைவு கொடுத்து, அதன்பின் செயற்கைக்கோள் படங்கள் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 (WGS 84) முறைக்கு மாற்றுங்கள்.