சூடா, ஒளியா?

வணக்கம் சார்,

சாயம் பூசிய சூரிய மின்கலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒளி பட்டதும் சாயத்திலிருந்து எலக்ட்ரான், அந்தச் சாயம் ஒட்டியிருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு படலத்துக்குத் தாவுகிறது என்கிறீர்கள். அதை யார் பார்த்தது? மீட்டரில் தெரிவது மின்னோட்டம்தானே. விளக்கு வைத்தால் கரைசல் சூடாகும், சூடானாலும் மின்னோட்டம் கூடும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? என் புராஜெக்டும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

எம்.எஸ்சி. வேதியியல் மாணவி, திருநெல்வேலி

அன்புள்ள மாணவிக்கு,

நியாயமான சந்தேகம். மின்னழுத்தத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ஐந்து விநாடி ஒளி, ஐந்து விநாடி இருட்டு என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். விளக்கை அணைக்க வேண்டாம், நடுவில் ஒரு கறுப்பு அட்டையை நீட்டினால் போதும். ஒளியால் வரும் மின்னோட்டம் பெரும்பாலும் சுவர் மாதிரி நிமிர்ந்து ஏறும், அட்டை வந்ததும் பொத்தென்று விழும். சூட்டால் வருவது சோம்பேறி. மெல்ல ஏறும், மறைத்த பிறகும் இறங்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் நிறம். கரைசலைச் சூடாக்க எந்த நிற ஒளியானாலும் சரிதான், எலக்ட்ரானைக் கிளப்ப அப்படியல்ல. 1972இல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தை மின்முனையாக்கித் தண்ணீரைப் பிரித்தார்கள். சுமார் 415 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம்தான் அதற்கு உதவியது. அதற்கு மேல் போனால் எவ்வளவு பிரகாசமாக அடித்தும் பயனில்லை. சாயம் பூசுவதே கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பிடிக்கத்தான். ஆகவே அலைநீளம் வாரியாக மின்னோட்டத்தை அளந்து வரையுங்கள். அந்தக் கோடு சாயத்தின் உட்கவர் நிறமாலையோடு, அதாவது சாயம் எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்குகிறது என்ற வரைபடத்தோடு, ஒத்துப்போனால் வேலை செய்தது சாயம். 450 நானோமீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட் ஒளி விழுந்து 36 மைக்ரோ ஆம்பியர் வந்தால், விழுந்த நூறு ஃபோட்டான்களில் ஏறக்குறைய பத்து, எலக்ட்ரானாகக் கணக்கில் வந்திருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு சொல்லும் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஒளி வரும்போதெல்லாம் மின்னோட்டம் அழகாக ஏறி இறங்கியது. இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் சாயமே இல்லாத தட்டை வைத்தேன், அப்போதும் ஏறி இறங்கியது! விளக்கொளி ஒப்பீட்டு மின்முனையின் மேலும் விழுந்திருக்கிறது. மற்ற மின்னழுத்தங்களை அளக்க நிலையான அளவுகோலாக வைப்பது அது. அதில் இருப்பது வெள்ளி குளோரைடு, வெளிச்சம் பட்டால் கறுக்கும் சரக்கு. அதன் மின்னழுத்தம் நகர, மொத்த அளவீடும் கூடவே நகர்ந்தது. கறுப்பு டேப் சுற்றியதும் என் கண்டுபிடிப்பு மறைந்துவிட்டது. 1839இல் 19 வயது எட்மண்ட் பெக்கரல், வெள்ளி குளோரைடு பூசிய பிளாட்டினத்தை அமிலக் கரைசலில் வைத்து ஒளி காட்டித்தான் மின்னோட்டம் எடுத்தார். அவருக்கு அது சாதனை, எனக்கு அதுவே அழுக்கு.

இனி, யார் பார்த்தது என்ற கேள்வி. மின்முனை பார்க்கவில்லை. சாயத்திலிருந்து எலக்ட்ரான் பெரும்பாலும் ஒரு பிக்கோ விநாடிக்குள்ளேயே (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தாவிவிடுகிறது; மின்னழுத்தத்தை நிறுத்திவைத்து மின்னோட்டத்தை அளக்கும் உங்கள் பொட்டன்ஷியோஸ்டாட் மில்லி விநாடிகளில் நடக்கிற வண்டி. தாவலைத் துடிப்பு லேசர் வைத்துத்தான் பின்தொடர்கிறார்கள். தாவிய எலக்ட்ரான்களில் சில சாயத்துக்கே திரும்பிவிடும், சிலவற்றைக் கரைசலில் உள்ள டிரை அயோடைடு என்ற அயோடின் அயனி பிடுங்கிக்கொள்ளும். மீட்டர் எண்ணுவது மிச்சத்தை மட்டும்.

ஒளியை விழுங்கிய சாயம் இருக்கும் கிளர்ந்த நிலையின் மின்னழுத்தத்தைக்கூட மின்முனையால் நேராக அளப்பது கடினம். இத்தகைய சாயங்களுக்கு முன்மாதிரியான ருத்தேனியம் பைபிரிடின் அணைவுச் சேர்மத்தைப் பாருங்கள். கிளர்ந்த நிலையில் அது ஒரு மைக்ரோ விநாடிகூட நிற்பதில்லை. அதனால் இருட்டில் அளந்த +1.26 வோல்ட்டிலிருந்து, ஒளி கொடுத்த 2.1 எலக்ட்ரான் வோல்ட்டைக் கழித்து −0.84 வோல்ட் என்று எடுத்துக்கொள்கிறோம். பாதி அளவீடு, பாதி கணக்கு.

உங்கள் புராஜெக்டில் 420 நானோமீட்டருக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் போடுங்கள். இல்லாவிட்டால் டைட்டானியம் டை ஆக்சைடு தன் பங்குக்குச் சொந்த மின்னோட்டம் தரும். சாயமில்லாத தட்டின் வரைபடத்தையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். வைவாவில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.