சாலையை மூடினால் நெருப்பு மூட்டுவார்கள் என்று அர்த்தமில்லை

கேள்வி: விசிட்டர் விசாவில் ஹூஸ்டனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டில் கீழ்ப்பகுதியான பூஸ்டர்களை எண் வாரியாகப் பின்தொடர்வது என் பொழுதுபோக்கு. அடுத்த வாரம் மூன்று நாள்களுக்கு தெற்கு டெக்சாஸில் அது கிளம்பும் இடமான ஸ்டார்பேஸில் சாலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. அப்போது பூஸ்டருக்கு ஸ்டாடிக் ஃபயர், அதாவது பறக்கவிடாமல் எஞ்சின்களை மட்டும் எரித்துப் பார்க்கும் சோதனை, நிச்சயம் என்கிறார் ஒருவர். ஆளுக்கு 250 டாலர் கொடுத்தால் அதைப் பார்க்க வைத்து, இரண்டு முறை பறந்த பூஸ்டர் 14-ஐக் கிட்டத்தில் காட்டி, அதிலிருந்து கழன்ற டைல் ஒன்றையும் சான்றிதழோடு தருவாராம். முன்பணம் கட்டலாமா? எந்த நாள் போவது?

பதில்: கட்டாதீர்கள். முதலில் அந்த ஆளை முடித்துவிட்டு அப்புறம் நாளுக்கு வருகிறேன்.

பூஸ்டர் 14 இரண்டு முறை பறந்தது உண்மைதான். 2025 ஜனவரி 16 அன்று மேலே போய்த் திரும்பியபோது ஏவுதளக் கோபுரத்தின் இயந்திரக் கைகள் அதைப் பிடித்தன. அதே பூஸ்டர் மே 27 அன்று மறுபடி கிளம்பியது. அதிலிருந்த 33 எஞ்சின்களில் 29 ஏற்கெனவே பறந்தவை. ஆனால் இரண்டாவது முறை அது திரும்பி வரவில்லை, இறங்கும்போது மெக்சிகோ வளைகுடாவுக்கு மேலே உடைந்து கடலில் விழுந்தது. அதை உங்களுக்கு எங்கே நிறுத்திக் காட்டுவார்? எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் உங்களிடமே இந்தக் கதை என்றால், மற்றவர்களிடம் என்ன சொல்லிக் காசு வாங்குவார் என்று யோசியுங்கள்.

டைல் கதை இன்னும் மோசம். பூஸ்டரில் டைலே கிடையாது. வெப்பம் தாங்கும் அந்தக் கறுப்பு அறுகோண ஓடுகள் பூஸ்டரின் மேலே உட்காரும் ஷிப் என்ற விண்கலத்தில்தான் இருக்கின்றன, ஏறக்குறைய 18,000. அவை கழன்று கரை ஒதுங்குவது உண்டு. ஆனால் கரையில் கிடந்தாலும் அது நிறுவனத்தின் சொத்து, பொறுக்கியவருடையது ஆகாது. சான்றிதழ் என்பது பிரிண்டர் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் தரக்கூடியது. எல்லாவற்றையும்விட, ராக்கெட்டும் அதன் பாகங்களும் அமெரிக்காவில் ஐட்டார் என்ற ஆயுத ஏற்றுமதி விதிகளுக்குள் வருகின்றன. போலி என்றால் காசு போகும். அசல் என்றால், ஊருக்குக் கிளம்பும் நாளில் சூட்கேஸோடு ஏர்போர்ட்டில் நின்று பதில் சொல்ல வேண்டிவரும். எப்படிப் பார்த்தாலும் வேண்டாம்.

சரி, நாள். சாலை மூடும் அறிவிப்பு சோதனைக்கான தேதி அல்ல. "அன்றைக்குச் சாலை எங்களுக்கு வேண்டியிருக்கலாம்" என்ற முன்பதிவு, அவ்வளவுதான். மூன்று நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்று உண்மை, மற்ற இரண்டும் மாற்று நாள்கள். ராக்கெட்டை வண்டியில் ஏற்றித் தளத்துக்குக் கொண்டுபோகவும் சாலையை நிறுத்துவார்கள், அதற்கும் நெருப்புக்கும் சம்பந்தமில்லை. காலையில் மூடி, மதியம் ரத்து செய்து, மறுநாள் மறுபடி மூடுவது இங்கே வழக்கம். கடற்கரைக்குப் போக மக்களுக்கு இருக்கும் உரிமையை 2009-இல் டெக்சாஸ் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அந்தக் கரைக்கு இருப்பதோ நெடுஞ்சாலை 4 என்ற ஒரே ரோடு. அதை வருடத்துக்கு 500 மணி நேரம் வரை மூடலாம் என்று 2022-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்த மணிகள் எப்போது வரும் என்பதை மட்டும் ஒரு வாரம் முன்னால் உறுதியாகச் சொல்ல எவருக்கும் மனம் வருவதில்லை.

அதனால் அறிவிப்பை விட்டுவிட்டு ராக்கெட்டைப் பாருங்கள். தளத்தை இருபத்துநாலு மணி நேரமும் ஆர்வலர்களின் கேமராக்கள் நேரலையில் காட்டுகின்றன. சாலை மூடி, ஆள்கள் வெளியேறி, எரிபொருள் கிடங்குப் பக்கம் வெண்புகை கிளம்பினால் பாதி நம்பலாம். பூஸ்டரின் எஃகு உடம்பில் வெள்ளை ஏறினால் முக்கால்வாசி. கீழ்த் தொட்டியில் திரவ ஆக்சிஜன், மேல் தொட்டியில் திரவ மீத்தேன். அந்தக் குளிரில் கடற்காற்றின் ஈரம் அப்படியே உறைபனியாக ஒட்டிக்கொள்ளும். தொட்டியை முழுதாக நிரப்பாதபோது பளபளக்கும் எஃகில் இரண்டு வெள்ளைப் பட்டைகளும் நடுவே வெறும் உலோகமும் தெரியும். அந்தப் பட்டையின் விளிம்பு மெதுவாக மேலே நகர்வதைப் பார்த்தால் நேரம் நெருங்கிவிட்டது. இதற்குப் பிறகும் கடைசி நிமிடத்தில் நிறுத்துவார்கள், அது வேறு.

இதையெல்லாம் ஹூஸ்டனில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஓடிவர முடியாது, ஆறு மணி நேர ரோடு. ஆகவே சவுத் பாட்ரே தீவில் இரண்டு இரவு தங்குங்கள். தீவின் தென்கோடியில் இருக்கும் இஸ்லா பிளாங்கா பூங்காவிலிருந்து ஏவுதளம் சுமார் 8 கிலோமீட்டர், இடையில் தண்ணீர்தான். வண்டிக்கு நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும், தரகர் தேவையில்லை. பைனாகுலர் கொண்டுபோங்கள். ஆரஞ்சு வெளிச்சமும் தூசி மேகமும் சத்தமில்லாமல் தெரியும். இருபத்துமூன்று, இருபத்துநாலு வரை எண்ணுங்கள், அப்புறம்தான் உறுமல் வந்து நெஞ்சில் மோதும். அதற்குள் எஞ்சின்கள் அணைந்திருக்கும்!

பூஸ்டரைக் கிட்டத்தில் பார்ப்பதற்குச் சாலை மூடாத நாளே நல்லது. தொழிற்சாலையும் ஏவுதளமும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கின்றன. ரோட்டிலிருந்து பார்ப்பது இலவசம், வேலியைத் தாண்டக் கூடாது, டிரோன் கூடாது. ஓரத்து மணலில் வண்டியை இறக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறொன்று. நெடுஞ்சாலை 4-இல் திரும்பும் வழியில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. ராக்கெட் பார்க்கப் போனவர்களையும் நிறுத்தி, எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பார்கள். அசல் பாஸ்போர்ட்டும், எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப்பிரதியும் கையில் இருக்கட்டும். போனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். தீவோடு நின்றுவிட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஹூஸ்டனுக்குத் திரும்பும் 77-ஆம் நெடுஞ்சாலையில் சரிட்டாவில் இன்னொரு சாவடி உண்டு, வடக்கே போகும் எல்லா வண்டியும் அதைக் கடந்தாக வேண்டும். மகளும் மருமகனும் கிரீன் கார்டோ எச்-1பியோ எதுவானாலும் அவரவர் காகிதங்களை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒருவேளை உங்கள் ஐ-94 தேதி முடிந்து, நீட்டிப்புக்கு விண்ணப்பித்த ரசீது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், இந்தப் பயணமே வேண்டாம் என்பேன். அந்த ரசீதுக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. அதை அந்த ரோட்டோரத்தில், அந்த வெயிலில், இளம் அதிகாரி ஒருவருக்கு விளக்குவது உங்கள் வேலையாகிவிடும். தரகர்கள் சிலர் "மெக்சிகோ பக்கம் போனால் இன்னும் நன்றாகத் தெரியும்" என்று ஆசை காட்டுவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிளாயா பாக்தாத் கரையிலிருந்து தெரியும்தான், விசிட்டர் விசாக்காரருக்கு அந்த யோசனையே வேண்டாம்.

மகளுக்கு அவ்வளவு லீவு கிடைக்காது என்றால் எதிர்த்திசையில் வேகோ பக்கம் மெக்கிரிகர் இருக்கிறது, சுமார் மூன்றரை மணி நேரம். பூஸ்டரில் பொருத்தும் ராப்டர் எஞ்சின்களை ஸ்டார்பேஸுக்கு அனுப்புமுன் அங்கேதான் எரித்துப் பார்க்கிறார்கள். உள்ளே விடமாட்டார்கள், பூஸ்டரும் தெரியாது. ஆனால் ஊரில் எங்காவது வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் உறுமல் கேட்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வழியில் சாவடியும் இல்லை.