அஞ்சியோகிராம் சரி என்ற பிறகும் அம்மாவுக்கு நெஞ்சு நோ. இதயத் தசைக்குப் போகும் இரத்தத்தை எம்.ஆர்.ஐ. மூலம் அளக்க முடியுமா? சாதாரண அளவு எவ்வளவு?

இதயக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்க்கும் அஞ்சியோகிராமில் அடைப்பு எதுவும் இல்லை, ஆனாலும் தண்ணீர்க் குடம் தூக்கினால் அம்மாவுக்கு நெஞ்சு இறுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மனப்பயம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. "யுத்தத்தில் நிறையப் பார்த்துவிட்டீர்கள் அம்மா, அந்தப் பயம்தான் நெஞ்சில் நிற்கிறது" என்று ஒரு வைத்தியர் தூக்கக் குளிசை எழுதித் தந்தார். இரண்டு வருடம் அந்தக் குளிசையை விழுங்கிக்கொண்டு, பாதி வாளித் தண்ணீரோடு கிணற்றடியில் குந்தியிருந்தார் அம்மா.

கேட்டதற்குப் பதில்: அளக்க முடியும். ஓய்வாக இருக்கும்போது ஒரு கிராம் இதயத் தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் 1 மில்லிலீற்றர் இரத்தம் போகும். முழு இதயத்துக்கும் கணக்கிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லிலீற்றர், ஒரு பெரிய கோப்பைத் தேநீர் அளவு. இந்த ஓய்வு அளவு மட்டும் போதாது. இதயத் தசை ஓய்விலேயே தனக்கு வரும் ஒட்சிசனில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. வேலை கூடும்போது இரத்த ஓட்டத்தைக் கூட்டித்தான் அது சமாளிக்க வேண்டும். அதனால் குழாய்களை விரிக்கும் அடினோசின் என்ற மருந்தைச் சில நிமிடங்கள் நரம்பில் ஏற்றி, ஓட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கிறார்கள். நலமான இதயத்தில் மூன்று மடங்கு அளவுக்கு உயரும். இரண்டு மடங்கையும் எட்டாவிட்டால் குறைவு. அஞ்சியோகிராமில் பெரிய குழாய்கள்தான் தெரியும். தசைக்குள் ஓடும் மயிர் போன்ற குழாய்கள் அதில் தெரிவதில்லை.

அளக்கும் முறை இது: படத்தில் வெளிச்சமாகத் தெரியும் கடோலினியம் கலந்த மருந்தைக் கை நரம்பில் செலுத்தி, அது இதய அறைக்குள் வந்து தசைக்குள் பரவுவதைத் துடிப்புக்குத் துடிப்பு படம் எடுக்கிறார்கள். இரத்தத்தில் மருந்து செறிவாக இருக்கும்போது படத்தின் வெளிச்சம் அதே அளவுக்குக் கூடாது. அதைத் திருத்திக் கணக்கிட்டால்தான் எண் சரியாக வரும். கண்ணால் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று எழுதுவது வேறு, எண்ணாகத் தருவது வேறு. எண் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், எல்லா இடத்திலும் தருவதில்லை.

கனடாவில் இருக்கும் அண்ணா பணம் அனுப்பியதால் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். வசதி உள்ளவர்களின் கதை என்று யாரும் சொல்ல வேண்டாம், அந்தக் கடன் இன்னும் முடியவில்லை. முதல் நாள் பரிசோதனை நடக்கவே இல்லை. "காலையில் தேநீர் குடித்தீர்களா?" என்று தாதி கேட்டார். "வெறும் பிளேன்ரீதானே, பிள்ளை" என்றார் அம்மா. தேயிலையில் உள்ள கஃபீன் அடினோசினின் வேலையைத் தடுக்கும் என்பதால் மறுநாள் வரச் சொன்னார்கள்.

மறுநாள் படிவத்தில், உடலில் உலோகம் உண்டா என்ற கேள்வி. அம்மா சேலையைச் சற்று உயர்த்திக் கெண்டைக்காலைக் காட்டினார். 2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டுகள் இரண்டு, தோலுக்கு அடியில் நெல்மணி போல விரலுக்குத் தட்டுப்படும். எக்ஸ்ரே எடுத்தபோது தோள்பட்டைக்குப் பின்னால் மூன்றாவது துண்டும் தெரிந்தது. பதினைந்து வருடமாக எங்கள் யாருக்கும் தெரியாத துண்டு. அது இரும்பாக இருந்தால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இழுக்கும், சூடாகும். மூன்றும் சதைக்குள் இறுகியிருக்கின்றன, பெரிய குழாய்க்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இல்லை என்று பார்த்த பிறகுதான் வைத்தியர்கள் சம்மதித்தார்கள். அது அம்மாவுக்கான முடிவு. உங்கள் அம்மாவுக்கும் அதுவே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காயத்துக்கான உதவிப்பணம் கேட்டுப் போனபோது, 2009ஆம் ஆண்டின் வைத்தியசாலைத் துண்டுச்சீட்டு வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவுக்கு மருந்து கட்டியது புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்துக்குள் இயங்கிய வைத்தியசாலையில். தறப்பாளுக்குக் கீழே கிடந்தவருக்கு யார் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்? காலைத் தொட்டுப் பாருங்கள் என்று அம்மா கேட்டார். அந்த அலுவலர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அம்மாவின் அளவு ஓய்வில் 1.0, மருந்தோடு 1.4. நுண்குழாய்கள் விரியவில்லை. பயம் இல்லை, நோய். இப்போது அதற்குரிய குளிசை எடுக்கிறார், வாளி முழுதாக வருகிறது.

போவதற்கு முன் சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பலருக்கு உண்டு, சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கடோலினியம் ஆபத்தாகலாம். அம்மாவின் உடம்பில் செல் துண்டு இல்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும், ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போங்கள்.